3 மணி 21 நிமிஷத்துல வந்தவனுக்கு ஏன் ஃபினிஷிங் லைன் இல்ல? ஓட்ட ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவுல வருஷா வருஷம் 21 கிலோமீட்டர் ஓட்டம் நடத்துற ஏற்பாட்டுக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன வாரம் நீங்க வெளியிட்ட இந்த வருஷத்து விதிமுறைய மூனு தடவ படிச்சிட்டேன். ஓட்டத்த முடிக்கக் குடுக்கற கட்-ஆஃப் நேரம் மூன்றரை மணியில இருந்து இரண்டரை மணிக்கு எறங்கியிருக்கு. 40 வயசுக்கு மேல, 50 வயசுக்கு மேலன்னு இருந்த ரெண்டு வெட்டரன் பிரிவையும் எடுத்துட்டீங்க, இனிமே எல்லாருக்கும் ஓப்பன் மட்டும்தான். ஓட்டம் தொடங்குற நேரம் காலைல 5 மணியில இருந்து 6.30க்குப் போயிருச்சு. கட்டணம் 85 வெள்ளியில (ரிங்கிட்) இருந்து 110 வெள்ளி. இதுக்கெல்லாம் காரணமா ஓட்டத்தோட தரத்த உயர்த்துறதுக்குன்னு ஒரே ஒரு வரி போட்டிருக்கீங்க.

அந்த ஒரு வரிய என்னால அப்படியே படிச்சிட்டுப் போக முடியல. எனக்கு 54 வயசு, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில டெக்னீசியன், ஷிஃப்ட் வேல. உங்க ஓட்டத்துல ஆறு தடவ ஓடியிருக்கேன், ஆறு தடவயும் சொந்தக் காசுல பதிஞ்சேன், ஆறு மெடலும் வீட்டுல இருக்கு. போன வருஷம் என் நேரம் 2 மணி 52 நிமிஷம். உங்க புது கணக்குப்படி நான் இனிமே தரத்துக்குக் கீழ உள்ள ஆளு. சரி, என்னைய விடுங்க. போன வருஷம் நடந்ததுக்கே நீங்க இன்னும் பதில் சொல்லல, அதுக்குள்ள இந்த அறிவிப்பு வந்துருச்சு, அதனால அத முதல்ல சொல்றேன்.

போன வருஷம் நாங்க மூனு பேரு ஒன்னா ஓட ஆரம்பிச்சோம். மூனு பேருமே செபராங் பிறை தெற்குல ஒரே தோட்டத்துல பொறந்து ஒரே தமிழ்ப்பள்ளியில படிச்ச கூட்டாளிங்க. ஒருத்தன் இப்ப இடைநிலைப்பள்ளி வாத்தியாரு, இன்னொருத்தன் பட்டர்வொர்த்துல இருந்து ஜொகூர் வரைக்கும் லோரி ஓட்டுறவன். பேரு போட வேணாம்னு ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டதால வாத்தியாரு, லோரிக்காரன்னே எழுதுறேன், நாங்க கூப்புடுறதும் அப்படித்தான். வாத்தியாரு 2 மணி 14 நிமிஷத்துல முடிச்சிட்டாரு. நான் 7.52க்கு உள்ள வந்தேன். லோரிக்காரன் பின்னாடி வந்துக்கிட்டு இருந்தான், அவன் எப்பவும் மூனு மணிக்கு மேலதான், ஆனா உங்க கட்-ஆஃப் 8.30, அதுக்குள்ள கண்டிப்பா வந்துருவான்னு எங்களுக்குத் தெரியும்.

மெடல வாங்கி கழுத்துல போட்டுக்கிட்டு ஒரு 100 பிளஸ் பானம் எடுத்துக்கிட்டு அவன அழைச்சிட்டு வர ஓடுன பாதையிலயே திரும்பி நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டர் தாண்டி அவனப் பார்த்தேன். நெஞ்சுல குத்துற நம்பர் அட்டை, அந்த பிப், நாலு மூலையில ரெண்டு பின் விழுந்து தொங்குது, வேர்வையில ஊறி நம்பரே சுருங்கிப் போச்சு, கையில ராஃபியா கயிறு கட்டுன பிளாஸ்டிக் பையில ஐஸ் தண்ணி, ஸ்ட்ரா குத்தி வெச்சிருக்கான். இது ஏதுடான்னு கேட்டா 17ஆவது கிலோமீட்டர் வாட்டர் ஸ்டேஷன்ல ஒன்னுமே இல்லடா, காலிப் பெட்டிதான் அடுக்கி இருக்கு, கீழ பூரா மிதிபட்ட கப்பு, ஒரு ஆளு இல்ல, எதுத்தாப்புல கோப்பிக் கடை சீனப் பெரியவரு என் மூஞ்சியப் பார்த்துட்டு உள்ள கூப்புட்டு கட்டிக் குடுத்தாரு, காசும் வாங்கலன்னு சொன்னான். அதே ஸ்டேஷன நான் 7.20க்குத் தாண்டுனப்ப மேசை நெறைய தண்ணி இருந்துச்சு. அவன் அங்க வந்தது இருபது நிமிஷம் கழிச்சு. இருபது நிமிஷத்துல அவன ஏன் மறந்தீங்க? அவனும் அதே 85 வெள்ளிதானே கட்டுனான்?

கடைசி ஒன்றரை கிலோமீட்டர் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்தோம். ரோட்டுல வண்டியத் தடுக்க வெச்ச கோன எடுத்துட்டாங்க, பாதையப் பாத்துக்கற மார்ஷல் யாரும் இல்ல, காடி எல்லாம் வழக்கம்போல பறக்குது, ஒரு மோட்டார்க்காரன் எங்க முழங்கைய ஒரசிக்கிட்டுப் போனான், அதுக்கப்புறம் கடைங்களுக்கு முன்னாடி அஞ்சடிப் பாதையில ஏறி, நிறுத்தி வெச்சிருந்த மோட்டார்ங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓடுனோம். அப்ப மணி 8.15 கூட ஆகல. நீங்க விதிமுறையில எழுதுன மூன்றரை மணி நேரம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்துச்சு.

முனை திரும்புனதும் ஃபினிஷிங் லைனக் காணோம். காத்து அடிச்ச அந்தப் பெரிய வளைவு தரையில படுத்துக் கெடக்கு, ரெண்டு பையனுங்க மேல ஏறி நடந்து காத்த வெளிய தள்ளிக்கிட்டு இருக்கானுங்க. ஓட்டக்காரங்க சிப்பப் படிச்சு நேரத்தப் பதியற டைமிங் மேட்ட சுருட்டி வேன்ல ஏத்தியாச்சு. என் மனைவி மட்டும் நடு ரோட்டுல தனியா நிக்கிறா, கையில துண்டு. அவ அங்க ஏன் நின்னான்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. மேட்ட எடுக்கும்போதே அவ போய் தம்பி இன்னும் ஆள் வர்றாங்க, பத்து நிமிஷம் பொறுங்கன்னு கேட்டிருக்கா. ஆர்டர் வந்துருச்சு ஆண்ட்டின்னு சொல்லி அவுங்க சுருட்டிட்டாங்க. உடனே இவ மேட் இருந்த எடத்துல ரெண்டு காலையும் வெச்சு நின்னுட்டா, லோரிக்காரனுக்கு எங்க முடியுதுன்னு தெரியணும்ல, அதுக்காக. அவன் அவ நின்ன எடம் வரைக்கும் ஓடி வந்துதான் நின்னான். என் கைக்கடிகாரத்துல 3 மணி 21 நிமிஷம். மனைவி ஃபோன்ல எடுத்த படத்துலயும் நேரம் பதிவாயிருக்கு, 8.21.

ஒரு வாலண்டியர் பொண்ணு, பதினேழு பதினெட்டு வயசு இருக்கும், வேன் பின்னாடி கட்டி வெச்ச பெட்டியப் பிரிச்சு ஒரு மெடல் எடுத்துக் குடுத்துச்சு, அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு வரைக்கும் நன்றி. பிளாஸ்டிக் உறைகூட பிரிக்காத மெடல். அவன் அத அப்படியே உறையோட கொண்டு போய் வீட்டுல அவுங்க அம்மா படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கான், இன்னும் பிரிக்கல.

ரெண்டு நாள் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு. அவன் பேருக்கு நேரா டி.என்.எஃப்., அதாவது முடிக்கல. மூனு மின்னஞ்சல் அனுப்புனோம், படத்தோட, என் வாட்ச் பதிவோட. மூனு வாரம் கழிச்சு ஒரே ஒரு பதில், சிப் சிஸ்டத்துல பதிவு இல்லாட்டி மாத்த முடியாதுன்னு. மேட்ட எடுத்தது நீங்க. மேட் இல்லாத எடத்துல சிப் எப்படிப் பதியும்?

இத ஏன் இவ்வளவு தூரம் நீட்டுறேன்னு கேப்பீங்க, ஒரு ரிசல்ட்டுல மூனு எழுத்துதானேன்னு. அவன் யாருன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எங்க தோட்டத்துப் பள்ளித் திடல் சாய்வா இருக்கும், மழை பேஞ்சா ஒரு பக்கம் குளம். குறுக்கோட்டம்னா ரப்பர் மரத்துக்கு நடுவுல ஓடி செம்பனைக் காட்ட சுத்தி சாமி கோயில் வழியா வந்து முடியும், எல்லாரும் வெறுங்காலு. காலைல சபை கூடும்போது எங்க தலைமையாசிரியர் ஓட்டக்காரங்க கதையாவே சொல்லுவாரு. 1966ல பேங்காக் ஆசியப் போட்டியில டாக்டர் ஜெகதீசன் மூனு தங்கம் வாங்குனது, அதே போட்டியில எம். ராஜமணி 400 மீட்டர்ல தங்கம் வாங்குனது, அப்புறம் நாங்க அந்தப் பள்ளிய விட்டு வந்த பின்னாடி, 1985ல ஜகார்த்தாவுல பி. ராஜ்குமார் 800 மீட்டர் ஆசிய சாம்பியன் ஆனப்ப எங்க தலைமையாசிரியர் அழுதே போயிட்டாரு. நம்ம பிள்ளைங்க ஓடுவாங்க, ஓடத் திடல் குடுத்தா போதும்னு சொல்லுவாரு. நாங்க நாலு பேரு அப்ப ஒரு கூட்டம். எல்லாரையும் விட வேகமா ஓடுனது நாலாவது ஆளுதான்.

எஸ்.பி.எம். பரீட்சை முடிச்சு ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம். தோட்டம் கைமாறி வீட்ட எல்லாம் ஒடச்சு சனங்க அடுக்குமாடிக்குப் போயிருச்சு. வாத்தியாரு பயிற்சிக் கல்லூரிக்கு, நான் ஃபேக்டரிக்கு, ஒருத்தன் லோரி கிளிண்டரா ஏறி அப்புறம் டிரைவர். கல்யாணத்துக்குப் பார்த்ததோட சரி. 2017ல அந்த நாலாவது கூட்டாளி நெஞ்சு வலியில போயிட்டான், 46 வயசு, சின்னப் பிள்ளைங்க ரெண்டு. ஃபிளாட் கீழ போட்ட கூடாரத்துக்குள்ள பிளாஸ்டிக் நாற்காலியில நாங்க மூனு பேரு உக்காந்திருக்கோம், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு பார்த்து, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்க்க முடியல. லோரிக்காரன் அப்ப 112 கிலோ. எனக்கு அதே மாசம்தான் கிளினிக்ல இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதின்னு சொல்லியிருந்தாங்க. எங்க அப்பா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுனவரு, விடியக்காலைல 4 மணிக்கே எழுந்து நடந்தே போவாரு, அவ்வளவு நடந்த கால இனிப்புநீர்ல 59 வயசுல முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க. அந்தக் கட்டில் ஓரத்துல நான் உக்காந்து பார்த்திருக்கேன். டாக்டர் சொன்னதும் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வந்துச்சு.

சாவு வீட்டுல இருந்து எழுந்து வரும்போது வாத்தியாருதான் சொன்னாரு, ஞாயித்துக்கிழம யூத் பார்க்ல ஆறு மணிக்கு, வராதவன் கூட்டாளி இல்லன்னு. அன்னிக்கு ஆரம்பிச்சது. முதல்ல ரெண்டு சுத்து நடை, அப்புறம் ஓட்டம், அப்புறம் தண்ணீர்மலைப் பக்கம், பொட்டானிக்கல் கார்டன் மேடு, ஓடி முடிச்சு மாமாக் கடையில ரொட்டி சானாய், தேத்தாரே. லோரிக்காரன் வாரத்துல மூனு நாள் வெளியூர்லயே இருப்பான், அதனால நெடுஞ்சாலையில தாப்பா ஓய்விடத்துல லோரிய நிறுத்திட்டு ராத்திரி பார்க்கிங் சுத்தி ஓடுவான், மத்த டிரைவருங்க வண்டிக்குள்ள தூங்குற நேரம். ஓடுன கணக்க எங்களுக்கு ஃபோன்ல அனுப்புவான், இன்னிக்கு 14 சுத்துன்னு. எட்டு வருஷம் ஓடி 21 கிலோ கொறைச்சிருக்கான். அந்த ஆளோட பேருக்கு நேராதான் நீங்க முடிக்கலன்னு எழுதியிருக்கீங்க.

இந்த நாட்டுல 2019ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல வயசு வந்தவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு இனிப்புநீர்னு வந்துச்சு, அதுலயும் இந்தியர்களுக்குத்தான் அதிகம். ஓடுங்க நடங்கன்னு அரசாங்கம் சொல்லுது, உங்க பேனர்லயும் ஆரோக்கியம்னு பெருசா எழுதியிருக்கு. ஒடம்பு சொல்லுக் கேக்காத வயசுல வந்து ஆரம்பிக்கிறவன் மெதுவாதான் ஓடுவான், அவனுக்குத்தான் அந்த ஆரோக்கியம் அவசியமும். மூன்றரை மணி நேரம்னா ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷம், கொஞ்சம் ஓடி கொஞ்சம் வேகமா நடந்தா முடிக்கலாம். இரண்டரை மணின்னா கிலோமீட்டருக்கு 7 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, 21 கிலோமீட்டரும் ஒரு எடத்துலயும் நடக்காம ஓடணும். அந்த வித்தியாசத்துலதான் எங்கள மாதிரி ஆளுங்க இருக்கோம்.

இப்ப 6.30 தொடக்கத்தப் பத்தி. நீங்க நேரடியாச் சொல்லாட்டியும் காரணம் எல்லாருக்கும் தெரியுது. வெளிச்சம் வந்தப்புறம் ஆரம்பிச்சா வீடியோ நல்லா வரும், ஸ்பான்சர் பேனர் தெரியும். ஆனா ரோடு பழையபடி 9 மணிக்குத் தெறந்து விட்டாகணும், 6.30க்கும் 9 மணிக்கும் நடுவுல இருக்கறது இரண்டரை மணி நேரம்தான். அதனாலதான் கட்-ஆஃப் இரண்டரை மணி, இதுல தரம் எங்க வருது? நேரத்த நீங்க தள்ளி வெச்சீங்க, அதுக்கு விலையக் கடைசியில வர்றவங்க கட்டணும்னு முடிவு பண்ணியிருக்கீங்க.

அந்த விலை லேசுப்பட்டது இல்ல. பினாங்குல சூரியன் வர்றதே ஏழே கால் மணி பக்கம். 5 மணிக்குக் கிளம்புனா இரண்டு மணி நேரத்துக்கு மேல இருட்டுலயும் குளிர்ச்சியிலயும் போயிரும், மெதுவா ஓடுறவங்களும் எட்டரைக்குள்ள முடிச்சிருவாங்க. 6.30க்குக் கிளம்புனா பாதி ஓட்டத்துக்கு மேல வெயில். நம்ம ஊரு காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வை வழியுமே தவிர காயாது, வேர்வை காஞ்சாத்தானே ஒடம்பு சூடு எறங்கும். உலகத்துலயே வேகமா ஓடுறவங்க 21 கிலோமீட்டர ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சிட்டு நிழலுக்குப் போயிருவாங்க, ஐம்பது வயசுக்காரன் வெயில்ல ஒன்றரை மணி நேரத்துக்கு மேல நிக்கணும், அதுவும் கட்-ஆஃப் தொரத்துதேன்னு தன் சக்திக்கு மீறி ஓடணும், வாட்டர் ஸ்டேஷன்ல தண்ணி இருக்குமான்னும் தெரியாது. நான் ஃபேக்டரியில பாதுகாப்புக் குழுவுலயும் இருக்கேன். ஒரு ஆள் மயங்கி விழணும்னு நெனச்சுத் திட்டம் போட்டாக்கூட இப்படித்தான் போடணும். இந்த நாட்டுல மாரத்தான் எல்லாம் விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்கிறது அதுக்காகத்தான், அது உங்களுக்குத் தெரியாதது இல்ல, இத்தன வருஷமா நீங்களே 5 மணிக்குத்தானே நடத்துனீங்க.

வெட்டரன் பிரிவ எடுத்தது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. எனக்கு அதுல ஒரு பரிசும் கெடைச்சதில்ல. வாத்தியாருக்கு மூனு வருஷத்துக்கு முன்னாடி 50 வயசுக்கு மேல பிரிவுல அஞ்சாவது எடம் வந்துச்சு, உள்ளங்கை உசரத்துக்கு ஒரு கோப்பை. அத அவரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாரு, ஆசிரியர் அறையில வெக்கல, கடைசி வகுப்புன்னு ஒதுக்கி வெச்சிருக்கற பிள்ளைங்க வகுப்புல மேசை மேல வெச்சாரு. சார் நீங்க ஓடுவீங்களான்னு கேட்ட பையனுங்கள்ல ஆறு பேரு இப்ப குறுக்கோட்டக் குழுவுல இருக்காங்க. அந்தச் சின்னக் கோப்பை உங்களுக்கு என்ன செலவு ஆயிருக்கும்? அவரு போய் 25 வயசுப் பையனோட ஓப்பன்ல நின்னா அஞ்சாவது வர முடியுமா? வயசு வாரியாப் பிரிக்கறது யாருக்கும் காட்டுற சலுகை இல்ல. உலக மாஸ்டர்ஸ் தடகளத்துல 35 வயசுல இருந்து அஞ்சஞ்சு வருஷமாப் பிரிச்சு ஓட விடுறாங்க, 80, 85, 90 வயசு வரைக்கும் போகுது. ஆசிய மாஸ்டர்ஸ் போட்டி 2019ல நம்ம கூச்சிங்லதான் நடந்துச்சு. நம்ம நாட்டுக்குத் தெரியாத பழக்கமா இது?

ஃபௌஜா சிங் ஐயா 89 வயசுல லண்டன்ல முதல் மாரத்தான் ஓடுனாரு. 2011ல டொரொண்டோவுல 100 வயசுல முழு மாரத்தான முடிச்சாரு, 8 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அன்னிக்கு அவரு வர்ற வரைக்கும் அங்க ஆளுங்க காத்திருந்தாங்க. நேரம் ஆச்சுன்னு எல்லாரும் கெளம்பிப் போயிருந்தா அப்படி ஒரு மனுஷன் ஓடி முடிச்சத உலகம் பார்த்திருக்குமா?

இப்ப என் வீட்டு விஷயத்துக்கு வர்றேன், இந்த மடல எழுத வெச்சதே அதுதான்.

நான் ஓட ஆரம்பிச்ச காலத்துல என் மனைவிக்குப் பிடிக்கவே பிடிக்காது. வாரம் பூரா ஷிஃப்ட், ஞாயித்துக்கிழமயும் விடியறதுக்குள்ள கெளம்பிப் போயிருவேன், வீட்டுல சண்டைதான். எங்க மக கே.எல்.ல படிக்கிறா, அவதான் ஒரு லீவுக்கு வந்தப்ப அம்மாவையும் இழுத்துக்கிட்டு வந்தா, நடந்தா போதும்மா, அப்பா எங்க போறாருன்னாவது பாருங்கன்னு. நடக்க வந்தவ நிக்கல. அவ பள்ளிக் கேண்டீன்ல சமைக்கிறவ, காலைல நாலு மணியில இருந்து நின்னுக்கிட்டே இருக்கற காலு, அந்தக் காலோட சாயங்காலம் அஞ்சு கிலோமீட்டர் நடப்பா. போன வருஷம் உங்க ஃபினிஷிங் லைன்ல அப்படி நின்னுட்டு வந்தாள்ல, அன்னிக்கு ராத்திரி சாப்புடும்போது அடுத்த வருஷம் நானும் 21 ஓடுறேங்க, கடைசியா வந்தாலும் பரவால்லன்னு சொன்னா. சனவரியில இருந்து மக போட்டுக் குடுத்த அட்டவணைய ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சு ஒவ்வொரு நாளும் முடிச்சதும் பேனாவால கோடு போடுறா. மூனு வாரத்துக்கு முன்னாடி கர்னி டிரைவ்ல இருந்து கர்பால் சிங் டிரைவ் போய்த் திரும்பி முழு 21 கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமா முடிச்சா, 3 மணி 14 நிமிஷம். கடைசி ஒரு கிலோமீட்டர் என் கையப் பிடிச்சுக்கிட்டா, ஒரு வார்த்த பேசல, முடிச்சதும் கடல் பக்கத்துச் சுவத்துல உக்காந்து சிரிச்சா. 51 வயசுல அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.

அவ ஏற்கெனவே பணம் கட்டியாச்சு, முன்பதிவுச் சலுகையில, விதிமுறை மாறுறதுக்கு முன்னாடி. அறிவிப்ப நான்தான் படிச்சுக் காட்டுனேன். அப்ப எனக்கு முடியாதுன்னு சொல்லிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா. மறுநாள் அட்டவணையில கோடு போடல.

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது இதெல்லாம்.

ஓட்டத்தப் பழையபடி காலைல 5 மணிக்கே ஆரம்பிங்க, கட்-ஆஃப மூன்றரை மணிக்கே திரும்பக் கொண்டு வாங்க. ரோடு 9 மணிக்குத் தெறக்கணும்னாலும் இதுல ஒரு சிக்கலும் இல்ல, எட்டரைக்கு எல்லாம் முடிஞ்சிரும், அரை மணி நேரம் மிச்சம் இருக்கு. வீடியோவுக்கு வெளிச்சம் வேணும்னா பத்து கிலோமீட்டர், அஞ்சு கிலோமீட்டர் ஓட்டத்தப் பின்னாடி விடுங்க, அவுங்க சீக்கிரம் முடிச்சிருவாங்க.

கட்-ஆஃப் நேரம்னு நீங்க எழுதுன நிமிஷம் வரைக்கும் வளைவும் டைமிங் மேட்டும் கோனும் மார்ஷலும் அந்தந்த எடத்துல இருக்கணும். கடைசி ஆளுக்குப் பின்னாடி ஒரு வாலண்டியர் சைக்கிள்ல வரட்டும், அந்தச் சைக்கிள் தாண்டுன அப்புறம்தான் ஒவ்வொரு ஸ்டேஷனையும் எடுக்கணும். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கடைசியில வர்றவங்களுக்குன்னு தண்ணியத் தனியா எடுத்து வெக்கச் சொல்லி எழுத்துல குடுங்க. ஆள் பத்தலன்னா எங்களக் கேளுங்க. எங்க ஞாயித்துக்கிழமக் கூட்டத்துல இப்ப இருபது பேருக்கு மேல இருக்கோம், ஓடாதவங்க எல்லாம் 17ஆவது கிலோமீட்டர்ல நிப்பாங்க, சம்பளம் வேணாம், சாப்பாடும் வேணாம்.

வெட்டரன் பிரிவு ரெண்டையும் திருப்பிக் குடுங்க, ஆணுக்கும் பொண்ணுக்கும். பரிசுப் பணம் இல்லன்னாலும் பரவால்ல, பேரு ஒரு பட்டியல்ல வரட்டும், அந்த உள்ளங்கை உசரக் கோப்பை இருந்தா போதும்.

லோரிக்காரனோட ரிசல்ட்ட மாத்துங்க. படம் இருக்கு, வாட்ச் பதிவு இருக்கு, மெடல் எடுத்துக் குடுத்த பொண்ணு உங்க வாலண்டியர் பட்டியல்லயே இருக்கும், கேட்டுப் பாருங்க. 3 மணி 21 நிமிஷம்னு போடுங்க. அவன மாதிரி எட்டரைக்குள்ள வந்தும் பதிவாகாதவங்க இன்னும் இருப்பாங்க, வளைவு எறக்குனப்புறம் எங்களுக்குப் பின்னாடியே நாலஞ்சு பேரு வந்தத நாங்க பார்த்தோம், அவுங்களையும் தேடிச் சரி பண்ணுங்க.

விதிமுறை மாறுறதுக்கு முன்னாடி பணம் கட்டுனவங்களுக்குப் பழைய கட்-ஆஃப் செல்லும்னு இந்த மாசக் கடைசிக்குள்ள எழுத்துல அறிவிங்க. இதுல எதையுமே மாத்த மாட்டோம்னா அதையும் அதே தேதிக்குள்ள வெளிப்படையாச் சொல்லிட்டு, கேக்கறவங்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் குடுத்துருங்க.

பதிவு முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கு. லோரிக்காரன் இன்னும் பணம் கட்டல, உங்க பதிலப் பார்த்துட்டுக் கட்டுறேன்னு சொல்லியிருக்கான். என் மனைவியோட அட்டவணைய நான் ஃப்ரிட்ஜ்ல இருந்து இன்னும் எடுக்கல.

உங்க ஓட்டத்துல ஆறு தடவ ஓடுனவன்,
பாயான் பாரு, பினாங்கு